பிறநாட்டு ஊழியத்திற்குப் புறப்படுவோர்க்கு

ஆண்டு விடுமுறை அணுகுங்காலத்து நமது கலாசாலைகளிலே மகிழ்ச்சி தரும் செய்தியொன்று பரவுவதுண்டு. கிறிஸ்தவ மாணாக்கர் சிலர் குழுவாய்ச் சேர்ந்து பிறநாடொன்றிற்கு ஊழியத்தின் பொருட்டுப் புறப்படுகின்றனர் என்பதே அச்செய்தி. உடனே சபைகளுக்குக் கடிதங்கள் எழுதப்படுகின்றன, காணிக்கை சேர்க்கப்படுகின்றது, பாடல்களும் சிறு நாடகங்களும் பயிலப்படுகின்றன, ஒரே நிறத்துச் சட்டைகள் தைக்கப்படுகின்றன. புறப்படும் நாளிலே புகைவண்டி நிலையத்திலோ விமான நிலையத்திலோ உற்றாரும் ஆசிரியரும் கூடி, ஜெபஞ் செய்து, மாலை சூட்டி வழியனுப்புகின்றனர். இவற்றைக் காணும் யாம் மனமார மகிழ்கின்றோம். பொருளும் பட்டமும் தேடியே கடல் கடப்போர் மலிந்த இந்நாளில், பிறர்க்கு உழைக்கும் நோக்கத்தோடு கடல் கடக்க முன்வரும் இளைஞரை யார்தாம் பாராட்டார்?

எனினும், இம்மகிழ்ச்சியின் நடுவே கேள்வியொன்று எம் உள்ளத்தை நெடுநாளாக உறுத்தி வருகின்றது. நாம் செய்யும் இவ்வாயத்தங்களெல்லாம் யாரை எண்ணிச் செய்யப்படுகின்றன? புறப்படுகிறவர்களுடைய பாடலையும் பயணத்தையும் பற்றிப் பலநாள் கூடிப் பேசுகின்றோம். அவர்கள் சென்று தங்கும் ஊராரைப் பற்றி ஒருநாளேனும் பேசுகின்றோமா? அவர்களுடைய வீட்டு வாயிலை மிதிக்குமுன் அவர்கள் விருப்பத்தைக் கேட்டறிகின்றோமா? இதுபற்றி எமக்குத் தோன்றுவனவற்றை இச்சஞ்சிகையின் வாயிலாக மாணாக்கர்முன் வைக்கத் துணிகின்றோம்.

பிறநாட்டு ஊழியம் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கு வினாவன்று. அந்தியோகியாவிலிருந்த சபையார் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துப் பர்னபாவையும் சவுலையும் அனுப்பிய நாள்தொட்டு அது திருச்சபையின் கடமையாகவே இருந்து வருகின்றது. எவ்வாறு புறப்படுவது என்பதே வினா. இவ்வினாவிற்கு விடை கூற நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரினும் தகுதியுடையார் சிலரே. ஏனெனில், அனுப்புகிறவர்களாக ஆகுமுன் நாம் இருநூறு ஆண்டுகளாக வரவேற்றவர்களாயிருந்தோம். கடல் கடந்து நம்மிடம் வந்தவருள் எவர் நமக்கு உற்ற நண்பராயினர், எவர் அந்நியராகவே இருந்து மறைந்தனர் என்பதை நம் முன்னோர் கண்ணாரக் கண்டவர்கள். அவ்வனுபவத்தை மறந்து நாம் புறப்படுவோமாயின், பிறர் செய்த பிழையையே நாமும் செய்வோம்.

சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞரை எண்ணிப் பாருங்கள். அவர் 1705-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கோப்பன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியிலேயே தம் தோழர் புளூட்சோவுடன் சோபியா ஹெட்விக் என்னும் கப்பலேறினார். ஏழு மாதத்திற்கு மேலான கடற்பயணத்தின்பின், 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 24. தமிழிலே ஒரு சொல்லும் அறியார். அங்கிருந்த டேனியக் கோட்டைத் தலைவரோ அவர் வரவை விரும்பவில்லை. ஆயத்தம் என்று சொல்லத்தக்கது அவரிடம் மிகச் சிறிதே. ஆனால், வந்தபின் அவர் செய்ததைப் பாருங்கள். திண்ணைப் பள்ளி ஆசிரியரொருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளுடன் தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைக் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்துப் படித்து, 1708-இல் அவற்றிற்கு ஓர் அட்டவணை வரைந்தார். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார். இந்நாட்டவர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய நூலை, அனுப்பிய நாட்டுப் பெரியோர் அச்சிட விரும்பவில்லை. அது 1867-இலேதான் சென்னையில் அச்சேறிற்று. கற்பிக்கச் சென்றவர் இவ்வளவு கற்றுக்கொண்டிருப்பது அவர்களுக்கு விளங்கவில்லை போலும். நம் மக்களோ அவரை இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். மணலில் எழுதிய அவ்விரலே அதற்குக் காரணம் என்போம்.

புறப்பாட்டிலேயே பெருந்துன்பத்தின் வித்து இருந்ததற்கும் வரலாற்றிற் சான்றுண்டு. வில்லியம் கேரி 1793-இல் இங்கிலாந்தினின்று வங்காளத்திற்குப் புறப்பட்டபொழுது, அவர் மனைவி டாரதி முதலில் உடன்வர இசையவில்லை. அவர் அப்பொழுது நிறைமாதக் கர்ப்பிணியாயிருந்தார். உத்தரவுச் சீட்டின்மையால் முதற் கப்பலினின்று கேரி இறக்கிவிடப்பட்டார். அதனால் நேர்ந்த தாமதத்திலே டாரதி மீண்டும் வற்புறுத்தப்பெற்று, தம் சகோதரியும் உடன்வருதல் வேண்டும் என்று கூறி, கைக்குழந்தையோடு டேனியக் கப்பலேறினார். அக்கப்பல் ஜூன் 13-ஆம் நாள் புறப்பட்டு, நவம்பரில் கல்கத்தாவை அடைந்தது. கொண்டுவந்த பணம் விரைவிலே செலவழிந்தது. 1794-இல் சிறு மகன் பீட்டர் நோயால் இறந்தான். டாரதி சித்தங்கலங்கி, 1807-இல் இறக்குமளவும் தெளிவடையவில்லை. கேரி 41 ஆண்டுகள் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாது இந்நாட்டிலே உழைத்து, வங்காள மொழிக்கு அழியாத் தொண்டு செய்தார் என்பதை நன்றியோடு கூறுகின்றோம். அத்தொண்டைப் போற்றுமிடத்து, இசையாத மனத்தோடு கப்பலேறிய அப்பெண்மணியின் கண்ணீரையும் கூறாது விடுதல் நீதியன்று.

இனி, வந்தவர்களைப் பற்றி நம்மவர் கூறியது யாது? வேதநாயகம் சாமுவேல் அசரியா திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையிற் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்றவர். அவர் 1902-இல் யாழ்ப்பாணத்திற்குச் சென்றபொழுது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணாக்கர் தாமே சங்கம் அமைத்து, கடலுக்கிப்பால் இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பிவந்ததைக் கண்டார். அவர்களினும் தொகையிற் பெரிதும் மிக்க திருநெல்வேலிச் சபையார் அவ்வாறு எவரையும் அனுப்பவில்லையே என்று நாணினார். அந்நாணத்தின் பயனாக 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் அதன் ஊழியக் களமாயிற்று. 1910-இல் எடின்பரோ நகரிலே பெரும்பாலும் மேனாட்டார் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசினார். மேனாட்டார் செய்த ஈகையையும் தியாகத்தையும் அவர் மறுக்கவில்லை. ஆயினும், இந்நாட்டவர் அவர்களிடம் நாடிக் கிடைக்கப்பெறாதது நட்பு என்பதை அஞ்சாது எடுத்துரைத்தார். அவையிலிருந்த பலருக்கு அது கசந்தது. அம்முறையீடு அன்று நம்முடையது. இன்று நாம் சென்று இறங்கும் ஊரார் நம்மை நோக்கி அதனையே கூறக்கூடும் என்பதை நாம் எண்ணுவதில்லை.

இதனை யாம் பிறரைக் குறைகூறும் எண்ணத்தால் எழுதவில்லை. எம் பிழையை அறிந்தே எழுதுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் யாமும் ஒரு குழுவினருமாகப் பதினொருவர் நேபாளத்திற்குச் சென்றோம். கோரக்பூர் வரை புகைவண்டியிற் சென்று, சோனௌலி எல்லையைக் கடந்து, மலைச்சரிவிலுள்ள ஒரு சிற்றூரை அடைந்தோம். மூன்று மாதம் பாடல் பயின்றிருந்தோம். நேபாளி மொழியில் மூன்று வாக்கியம் பயின்றிலோம். ஞாயிற்றுக்கிழமையன்று பெரிய கூட்டமொன்று நடத்துவதாக இங்கிருந்தே ஒழுங்கு செய்திருந்தோம். அந்நாட்டில் சனிக்கிழமையே வார விடுமுறை என்பதும், கிறிஸ்தவர்கள் அந்நாளிலேயே ஆராதனைக்குக் கூடுவர் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வூர்ச் சபையார் எங்கள் மனம் நோகலாகாதென்று எண்ணி, அன்றைக் கூலியை இழந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது, எங்கள் கூட்டத்திற்கு வந்தமர்ந்தனர். நாங்களோ திரள் மிகுந்ததென்று மகிழ்ந்தோம்.

குளிர் கடுமையாயிருந்தது. இரவில் எங்களுக்குத் தடித்த கம்பளங்கள் தந்தனர். புறப்படும் நாட் காலையிலேதான், இரு முதிய தம்பதியர் தங்களுக்கிருந்த கம்பளங்களை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அடுப்பங்கரையில் ஐந்திரவும் உட்கார்ந்தே கழித்தனர் என்பதை அறிந்தோம். கொடுக்கப் போனவர்கள் நாங்கள், கொடுத்தவர்கள் அவர்கள்.

இவற்றினும் கொடியதொன்று நிகழ்ந்தது. அவ்வூர்ப் போதகர் விடைகொடுக்கும்பொழுது, தங்கள் முகங்களை வெளியே எவருக்கும் காட்டவேண்டா என்று மெல்லிய குரலில் வேண்டிக்கொண்டார். எங்களில் ஒருவர் அதற்கு முந்திய நாளே நிழற்படங்களை நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார். அவை பலர் கைபேசிகளுக்குப் பரவிவிட்டன. நேபாளத்தின் 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுதலைத் தடை செய்கின்றது. 2018 ஆகஸ்டு மாதத்தில் நடைமுறைக்கு வந்த குற்றச் சட்டத்தின்படி, அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நாங்கள் வீடு வந்து சேர்ந்த இரண்டாம் மாதத்தில், அப்போதகரின் வீட்டிற்கு விசாரணைக்கு ஆட்கள் வந்து சென்றதாகச் செய்தி கிடைத்தது. சிறை செல்லும்படி நேரவில்லை என்பது தேவ கிருபையே. அவ்விசாரணைக்கு எங்கள் படந்தான் காரணமோ, வேறு காரணமோ, யாம் அறியோம். அறியாமையே எம்மை இன்றளவும் வாட்டுகின்றது. நாங்கள் இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டோம். அவர்கள் அங்கேயே வாழ்கின்றவர்கள் அன்றோ?

ஆதலின், புறப்பட விரும்பும் மாணாக்கர்க்கு எம் உள்ளத்திற் பட்ட சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, அழைப்பின்றிப் புறப்படலாகாது. தேவ அழைப்பை யாம் இங்குக் கருதவில்லை. அதனை அவரவர் உள்ளமே அறியும். அவ்வூர்ச் சபையாரோ மருத்துவமனையாரோ பள்ளியாரோ எழுதும் அழைப்பையே கருதுகின்றோம். எந்த மாதத்தில் வரலாம், எத்தனை பேர் வரலாம், என்ன வேலைக்கு ஆள் தேவை, எது தேவையில்லை என்பவற்றை அவர்களே கூறல் வேண்டும். பதினொருவருக்குப் பதில் இருவர் போதும் என்பாராயின், இருவரே செல்லுக. ‘இவ்வாண்டு வேண்டா’ என்பாராயின், அவ்விடையையும் நட்பின் விடையாகவே ஏற்றுக்கொள்ளுக.

இரண்டாவது, மொழி. பர்மாவிற்குச் சென்ற ஜட்சன் 1813 ஜூலையில் இரங்கூனை அடைந்தார். முதல் விசுவாசி ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். இடைப்பட்ட ஆறு ஆண்டும் அவர் பெரும்பாலும் அம்மொழியின் மாணாக்கராகவே கழித்தார். வேதாகமத்தைப் பர்மிய மொழியில் முற்றுமாகப் பெயர்த்து முடித்தது 1834-இல். பதினைந்து நாட் பயணிகளாகிய நாம் இப்பணியைச் செய்ய இயலாது. செய்வதாக நடிக்கவும் வேண்டா. ஆயினும் வணக்கங் கூறவும், நன்றி கூறவும், மன்னிப்புக் கேட்கவும், பெயர் வினவவும், எண்ணவும் அந்நாட்டு மொழியிற் கற்றுக்கொள்ளாது புறப்படுதல் நன்றன்று. பாடலுக்குச் செலவிடும் காலத்திற் பாதியை மொழிக்குச் செலவிடுக. சென்றபின் பிழையாகப் பேசுங்கால் பிள்ளைகள் சிரிப்பர். அச்சிரிப்பிலே பல நட்புகள் தொடங்கும்.

மூன்றாவது, சட்டமும் உடல்நலமும். சுற்றுலா விசாவிலே சென்று மதப் பணி செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. நம் நாடே மிஷனெரிகளுக்கெனத் தனி விசா வைத்திருக்கின்றது. வருகையின் நோக்கத்தை எல்லையில் மறைத்துக் கூறிவிட்டு, உள்ளே சென்று சத்தியத்தைப் போதித்தல் எங்ஙனம் பொருந்தும்? உடல்நலத்திலும் அசட்டை கூடாது. உகாண்டா, கென்யா முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோர், புறப்படுமுன் பத்து நாளேனும் இருக்க, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அத்தகையதொன்று. சான்றின்றித் திரும்புவோரை நம் நாட்டு அதிகாரிகள் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கக்கூடும். மலேரியா மருந்தையும் மருத்துவரைக் கேட்டு உட்கொள்ளுக. விசுவாசமுடையார்க்கு இவை எதற்கு என்பாருமுளர். நாம் நோயுறின் நமக்குப் பணிவிடை செய்யும் சுமை அவ்வேழை ஊரார் தலைமேல் விழும். அதனைத் தவிர்ப்பதும் அன்பே.

நான்காவது, வீடும் பணமும். தாய் தந்தையர் மனமுவந்து அனுப்புகின்றனரா, அன்றி மறுத்தால் சபையார் என்ன நினைப்பரோ என்று அஞ்சி இசைகின்றனரா என்பதை அவர்களோடு தனியே அமர்ந்து கேளுங்கள். டாரதி கேரியை நினைத்துக்கொண்டு கேளுங்கள். காணிக்கை தந்தவருள் அன்றாடங் கூலி வேலை செய்யும் விதவைகள் பலர் உளர். அவர்களது பத்து ரூபாய்க்கும் கணக்கு உண்டு. விமானக் கூலிக்குச் செலவாகும் தொகையை அவ்வூர்ப் பள்ளிக்கே அனுப்பினால் எத்துணைப் பயன் விளையும் என்றும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பார்த்தபின்னும் போவதே தக்கதெனத் தோன்றலாம். நேரிற் கண்டு கைகோத்து உண்ணும் உறவைப் பணவிடைத்தாள் தரமாட்டாது. ஆனால் பாராமலே போதல் கூடாது.

ஐந்தாவது, திரும்பியபின் செய்வது. கண்ட வறுமையைப் படங்காட்டிக் கைதட்டுப் பெறுதல் நண்பர் செய்யுஞ் செயலன்று. அவர் பெயரையும் முகத்தையும் அவர் அனுமதியின்றி வெளியிடாதீர்கள். திரும்பிய மாதத்திற்குள் ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயர்கள் மூன்றாண்டு கழித்தும் உங்கள் நினைவிலிருக்குமாயின், அப்பயணம் வீண்போகவில்லை எனலாம்.

இத்துணை நிபந்தனைகளை அடுக்கினால் இளைஞரின் ஆர்வம் அவிந்துபோகாதா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆர்வமின்றி எவரும் கப்பலேறியதில்லை. எல்லாம் கற்று முடித்தபின் புறப்படுவோம் என்றிருப்போர் புறப்படவே மாட்டார். சீகன்பால்கும் கல்லாமலே வந்தார். ஆனால் ஆர்வம் மட்டும் வழிகாட்டினால் விளைவது யாது என்பதை 2018 நவம்பரில் நம் அந்தமான் தீவுகளிலேயே கண்டோம். அமெரிக்க இளைஞரொருவர், வெளியார் எவரும் வருவதை விரும்பாத வட சென்டினல் தீவு மக்களிடம், சட்டம் தடுத்தும் தனியே சென்று உயிரிழந்தார். அவர் ஆயத்தமில்லாதவரல்லர்; ஆண்டுக்கணக்கில் பயின்றிருந்தார். அவருடைய துணிவை இகழ யாம் துணியோம். அவருடைய பெற்றோரின் துயரை எண்ணி வருந்துகின்றோம். எனினும், வெளியுலக நோய்களைத் தாங்கும் வன்மை பெறாத அச்சிறு கூட்டத்தாருக்கு அவர் வரவினால் நேரக்கூடிய கேட்டையும், பணத்திற்காக அவரைக் கொண்டுபோய் விட்டுக் கைதான மீனவர் குடும்பங்களையும் எண்ணுங்கால், பயிற்சி எத்துணையிருந்தும் எதிரிலிருப்பவரின் விருப்பத்தைப் பொருட்படுத்தாத புறப்பாடு நிறைவுடையதன்று என்று கூறாதிருக்க இயலவில்லை.

ஆர்வத்தை அவிப்பது எம் நோக்கமன்று. விளக்கில் எரியும் நெருப்பும் கூரையில் எரியும் நெருப்பும் ஒன்றே, இருக்குமிடந்தான் வேறு. யாழ்ப்பாண மாணாக்கர் தொண்டிக்கு ஆளனுப்பியதும், திருநெல்வேலியார் தோர்ணக்கலுக்கு ஆளனுப்பியதும் ஆர்வத்தாலேயே. அவர்கள் அனுப்பிய ஊழியர் அங்கேயே தங்கினர். அவ்வூராரின் மொழியைக் கற்றனர். அசரியாவும் தெலுங்கு கற்று, 1912-இல் தோர்ணக்கலின் அத்தியட்சராகி, 1945-இல் இறக்குமளவும் அம்மக்களிடையே வாழ்ந்தார். எல்லாரும் அவ்வாறு வாழ்நாளையே கொடுக்க இயலாது. கொடுக்கும் பதினைந்து நாளையாவது அவர்களுடைய நாளாக மதித்துக் கொடுக்கலாம்.

இவ்வாண்டும் நம் மாணாக்கர் சிலர் புறப்பட எண்ணியிருப்பதாக அறிகின்றோம். அவர்களை வழியனுப்ப யாமும் புகைவண்டி நிலையத்திற்கு வருவோம். அவர்களுக்கு மாலை சூட்டுவதை விரும்பமாட்டோம். மாலைக்கு ஆகும் பணத்திற் கம்பளங்கள் வாங்கித் தருவோம். குளிர் மிகுந்த மலையூரில் உங்களுக்கெனக் கம்பளம் விரிக்கப்படுங்கால், அது யாருடையது என்று கேளுங்கள். கேட்டறிந்தபின் உங்களுடையதைப் போர்த்திக்கொண்டு, அதனை உரியவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்பொழுது அவர் மொழியில் ஒரு சொற் கூறுங்கள். அச்சொல்லை இங்கிருந்தே கற்றுச் செல்லுமாறு வேண்டிக்கொள்கின்றோம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.